பாத்ரூம் முதல்ல, படிக்கட்டு அப்புறம்

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டுல நடந்த சண்டைக்குக் காரணம் சொத்து இல்ல, கல்யாணம் இல்ல. ஒரு படிக்கட்டும் ஒரு பாத்ரூமும்தான். சிவில் படிக்கிற பையன் வீட்டுல இருக்கான், கேட்டா பிளான் போட்டுக் குடுப்பான்னு யாருமே நினைக்கல. மேஸ்திரி வந்தார், டேப்பைப் பிடிச்சார், சுவத்துல செங்கல் துண்டால ரெண்டு கோடு போட்டார். "படிக்கட்டு முன்னாடி, அதுக்கு அடியில பாத்ரூம். முடிஞ்சுது அண்ணா" என்றார். அப்பா தலையாட்டினார். நான் மட்டும் "கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அங்கேதான் ஆரம்பித்தது.

எங்க வீடு செஞ்சியில். வாசல்ல நின்னா ராஜகிரி தெரியும். 15 அடி அகலம், 40 அடி நீளம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். தாத்தா கட்டின ஓட்டு வீடு. சுவர் 9 அங்குலச் செங்கல், ஆனா சாந்து களிமண். முன்னாடி திண்ணை, நடுவுல கூடம், ஓரமா ஒரு அறை, பின்னாடி சமையல்கட்டு, அதைத் தாண்டி தோட்டம். அந்தத் தோட்டத்துக் கோடியில்தான் கக்கூஸும் குளிக்கிற இடமும். சமையல்கட்டிலிருந்து அங்கே போக ரெண்டு படி இறங்கணும், பத்தடி நடக்கணும், மறுபடி ஒரு படி ஏறணும்.

ஆயாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் போய்விட்டது. போன ஐப்பசி மழையில, ராத்திரி ரெண்டு மணிக்கு, அந்த ரெண்டு படியில வழுக்கி விழுந்தாங்க. எலும்பு உடையல, மணிக்கட்டு வீங்கினதோட போச்சு. ஆனா அன்னையிலிருந்து ஆயா சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு நீர்க்கடுப்பு வந்து டாக்டர்கிட்ட போனப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. ஒரு வீட்டோட பிளான் ஒரு மனுஷியைத் தண்ணி குடிக்க விடாம பண்ணும்னு எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிச்சதில்ல.

அப்பாவோட கணக்கு வேற. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டைப் பிரிச்சு, பில்லர் போட்டு, கான்கிரீட் தளம் போடுறோம். மேலே ஒரே ஒரு ரூம் எடுத்தா வாடகைக்கு விடலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில், அது நம்ம செஞ்சி. அதிலிருந்து ஊரில் மாடி ரூம் கனவு காணாத ஆளே இல்லை. வாடகைக்கு வர்றவர் நம்ம கூடத்து வழியா போய் வர முடியாது, அதனால் படிக்கட்டு வெளியே, தெருப்பக்கம் இருக்கணும். படிக்கட்டுக்கு அடியில் இடம் சும்மாதானே கிடக்கும், அங்கே பாத்ரூம். கேட்கும்போது எல்லாம் சரியாத்தான் இருக்கு. நானும் முதல் நாள் மடங்கிப் போயிருப்பேன், காலண்டர் தாளைத் திருப்பிக் கணக்குப் போடாமல் இருந்திருந்தால்.

கணக்கு இதுதான். பேனா இருந்தா கூடவே போட்டுப் பாருங்க. தரையிலிருந்து தளம் வரை 10 அடி, தளத்தின் கனம் 5 அங்குலம். ஆக ஏற வேண்டிய உயரம் 125 அங்குலம். ஒரு படிக்கு ஏறக்குறைய 7 அங்குலம் என்றால் 18 ஏற்றம். 18 ஏற்றத்துக்கு 17 மிதிபடி, ஒவ்வொன்றும் 10 அங்குலம். நேர்ப் படிக்கட்டாகப் போட்டால் 170 அங்குலம், அதாவது 14 அடி 2 அங்குலம். மேலே நின்று கதவு திறக்க 3 அடி. மொத்தம் 17 அடிக்கு மேல். வீட்டு அகலமே 15 அடி! அதனால் நேர்ப் படி நடக்காது, நடுவில் திரும்பும் படிதான். ஒன்பது ஏறி, ஒரு லேண்டிங், திரும்பி ஒன்பது. நீளம் 9 அடி 8 அங்குலம், அகலம் ஆறரை அடி. திண்ணையில் முக்கால்வாசி காலி.

சரி, அந்த லேண்டிங்குக்கு அடியில் எவ்வளவு உயரம் கிடைக்கும்? ஒன்பது ஏற்றம், ஏறக்குறைய 62 அங்குலம். அதில் லேண்டிங் கான்கிரீட்டும் பூச்சும் 6 அங்குலம் போனால் மிச்சம் 56. நாலடி எட்டு அங்குலம். எங்க ஆயா நாலடி பத்து. வீட்டிலேயே குள்ளமான ஆளே நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு அறைக்குத்தான் நாங்கள் பாத்ரூம் என்று பேர் வைக்க இருந்தோம்.

மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு அசரவில்லை. "அதுக்கென்ன தம்பி, ரெண்டடி பள்ளம் எடுத்துடலாம். எல்லார் வீட்லயும் அப்படித்தான்." அவர் சொன்னது உண்மை. நம்ம ஊரில் மட்டுமில்லை, திண்டிவனம், விழுப்புரம் எங்கே போனாலும் பாருங்க, தெருவைப் பார்த்த படிக்கட்டு, அதன் வயிற்றுக்குள் குனிந்து இறங்குகிற ஒரு தகரக் கதவு. எல்லார் வீட்டிலும் இருப்பதால் அது சரி என்று ஆகிவிடாது. ரெண்டடி பள்ளம் எடுத்தாலும் ஆறடி எட்டு அங்குலம்தான், அதுவும் லேண்டிங்குக்கு அடியில் மட்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 படிக்கட்டுக்கு அடியில் புழங்கும் இடத்துக்குக் கேட்கும் தலை உயரம் 2.2 மீட்டர், ஏழே கால் அடி.

உயரத்தை விட்டுத் தள்ளுங்கள், கழிவுத் தண்ணி எங்கே போகும்? செப்டிக் டேங்க் தோட்டத்தில். பாத்ரூம் தெருப்பக்கம். நடுவில் 40 அடி வீடு. 4 அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1 சரிவு என்று வைத்தால் 40 அடிக்கு 8 அங்குலம் இறங்கணும். ஏற்கனவே ரெண்டடி பள்ளத்திலிருந்து ஆரம்பிக்கிற குழாய் டேங்கைச் சேரும்போது தரையிலிருந்து மூணடிக்குக் கீழே போய்விடும். எங்க தெருவில் நாலடி தோண்டினால் பாறை. பக்கத்து வீட்டில் டேங்குக்குக் குழி எடுக்கும்போது பத்து நாள் கம்ப்ரஸர் சத்தம் கேட்டதை நான் மறக்கவில்லை. குழாயை உயர்த்தினால் சரிவு இருக்காது, சரிவு இல்லாவிட்டால் அடைக்கும், அடைத்தால் கூடத்துத் தரையை உடைக்கணும். இன்னொன்று: தெரு ரோடு புதுசாப் போடும்போதெல்லாம் அரை அடி ஏறும். பள்ளத்தில் இருக்கிற பாத்ரூமுக்கு முதல் மழையிலேயே தெருத் தண்ணி விருந்தாளியா வரும்.

இத்தனைக்கும் மேல முக்கியமான விஷயத்தை அம்மாதான் கேட்டாங்க. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயா வாசக் கதவைத் தொறந்துக்கிட்டு தெருவுக்கு வந்தா போவாங்க?" நான் நாலு பக்கம் கணக்குப் போட்டுச் சொன்னதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பின்பக்கத் தோட்டத்தில் இருந்த பிரச்சினையை முன்பக்கத் தெருவுக்கு இடம் மாற்றத்தான் நாங்கள் அத்தனை லட்சம் செலவு பண்ண இருந்தோம்.

என் கருத்து இதுதான். சின்ன வீட்டைப் புதுப்பிக்கும்போது பாத்ரூமை முதலில் வையுங்கள், அப்புறம் படிக்கட்டு, மிச்சம் இருப்பதுதான் கூடம். நாம் செய்வது நேர் தலைகீழ். கூடம் பெரிசா இருக்கணும், டி.வி. சுவர் அழகா இருக்கணும், அப்புறம் எந்த மூலை மிஞ்சுதோ அதில் படி, படிக்கு அடியில் எது மிஞ்சுதோ அதில் பாத்ரூம். மிச்சத்தில் மிச்சம். சோபாவை எப்ப வேணும்னாலும் நகர்த்தலாம். குழாயையும் படியையும் நகர்த்த முடியாது. ஒரு தடவை கான்கிரீட் ஊத்தினா அடுத்த நாற்பது வருஷம் அதுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம்ம கல்யாண மகால் ஞாபகம் வரும். ஸ்கூல் டூரில் ஆரம்பித்து இன்ஸ்டா ரீல் வரை எல்லாரும் அதன் முன்னாடி நின்று படம் எடுத்திருக்கிறோம். எட்டு நிலைக் கோபுரம், ஒவ்வொரு நிலையிலும் நடுவில் எட்டடிக்கு எட்டடி அளவில் ஒரு சின்ன அறை, சுற்றி வளைவு வைத்த தாழ்வாரம், மேலே போகச் சின்னப் படிகள். வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியே மேல் நிலைகள் வரைக்கும் தண்ணீர் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். எட்டடி அறைதான், ஆனா படியும் தண்ணியும் கட்டும்போதே யோசித்தவை. அதே சமயம் கோட்டையில் எல்லாமே நமக்குப் பாடம் இல்லை. ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு படி அரை அடி, அடுத்தது ஒன்றேகால் அடி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி அழும். எதிரி சுலபமா ஏறி வரக்கூடாத மலையில் அப்படி இருந்தால் சரி. கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட அதே படியில் ஏறி இறங்கின ஆயா, "அப்ப முட்டி இருந்துச்சு, ஏறினேன்" என்பார்கள்.

நம்ம வீட்டுப் படிகளிலும் அந்த ராஜகிரி வேலை நடக்கிறது, காரணம் வேறு. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணி, கடைசிப் படி லாபத்தில் முடியணும். கணக்கில் 18 வந்தால் 17 ஆக்கு, இல்லை 19 ஆக்கு. அதை மொத்த உயரத்தையும் திரும்ப வகுத்துச் செய்தால் தப்பே இல்லை, 125-ஐ 17-ஆல் வகுத்தால் ஏழே கால் அங்குலம் சொச்சம், விதித்தொகுப்பு சொல்லும் 190 மில்லிமீட்டர் உச்ச வரம்புக்குள்தான் வரும். நடப்பது அப்படியில்லை. சென்ட்ரிங் அடித்த பிறகு எண்ணிப் பார்ப்பார்கள், ஒன்று இடிக்கும், அடியில் நாலு அங்குலத்துக்கு ஒரு குட்டிப் படி போட்டு லாபம் பண்ணிவிடுவார்கள். மனுஷன் கால் முதல் ரெண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், அதற்கப்புறம் கண் பார்க்காது. ஒரு படி மட்டும் மாறினால் அங்கேதான் தடுக்கும். சாஸ்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, எண்ணுவதை மட்டும் கான்கிரீட்டுக்கு முன்னாடி எண்ணுங்கள்.

17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளோண்டெல் பேரில் ஒரு சூத்திரம் உண்டு, நாம் பரீட்சைக்கு எழுதியதுதான். ஏற்றத்தை ரெண்டால் பெருக்கி மிதிபடியைக் கூட்டினால் ஒரு நடை வரணும், சுமார் 24 அங்குலம். ஏழு ரெண்டு பதினாலு, பத்து சேர்த்தால் இருபத்தி நாலு. நம்ம கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஏற்றத்தைக் குறைக்கிறேன் என்று 5 அங்குலம் வைத்து மிதிபடியை 10-லேயே விட்டால் நடை குறுகிப் போகும், பெரியவங்களுக்கு அது இன்னும் தொல்லை.

இப்போ பாத்ரூம். குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்கு விதித்தொகுப்பு கேட்பது 2.8 சதுர மீட்டர், குறைந்த அகலம் 1.2 மீட்டர். நம்ம கணக்கில் நாலடிக்கு ஏழரை அடி, 30 சதுர அடி. தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்ட வீடே 360 சதுர அடிதான். அதில்கூட பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் ஒரு மரியாதையான பாத்ரூம் வந்துவிடும். எங்க வீட்டில் 600 இருக்கிறது, இருபதில் ஒரு பங்கு கொடுக்க ஏன் கை வரவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போனார். அதைப் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்ன இடம், ஆயா படுக்கும் அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில், கூடத்தின் பின் மூலை. செப்டிக் டேங்க் அங்கிருந்து பதினைஞ்சு அடிக்குள். சமையல்கட்டுக் குழாயும் இதுவும் ஒரே சுவரில் முதுகோடு முதுகா நிற்கும், நாளைக்கு மேலே ரூம் எடுத்தால் அதன் பாத்ரூமும் நேர் மேலே வந்துவிடும். இப்போதே தளத்தில் குழாய்க்கு ரெண்டு துளை விட்டு மூடி வைத்தால் போதும். பழைய களிமண் சுவரைக் குடைந்து குழாய் பதிக்கக்கூடாது, கைப்பிடிக் கம்பியும் அதில் நிற்காது, ஆணியே இழுத்தால் வருகிற சுவர் அது. அதனால் பாத்ரூமின் ஒரு பக்கம் சிமெண்ட் சாந்தில் புதுச் சுவர், அதில் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே ஒருத்தர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. இதை நம்ம டிராயிங்கில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? கதவு வளைவை எந்தப் பக்கம் இடம் இருக்கோ அந்தப் பக்கம் போட்டுவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விடுகிறோம், நானும்தான். வாசலில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்கம் வேண்டாம், சரிவைத் தரையிலேயே நானி டிராப் பக்கமாகக் கொடுத்தால் தண்ணி வெளியே வராது. டைல்ஸ் சொரசொரப்பானது. கடையில் பளபளப்பானதைத்தான் முன்னாடி அடுக்கி வைத்திருப்பார்கள், உள்ளே போய்க் கேட்டு வாங்கணும்.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1958 சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இது. 100 மீட்டருக்குள் பழுது பார்ப்பதற்கும் புதுப்பிப்பதற்கும்கூட அனுமதி வாங்கணும். மாடி ரூம் கனவை வைத்து பிளான் போடும் முன்னாடி எந்த வட்டத்தில் இருக்கிறோம் என்று பார்த்துவிடுங்கள். படிக்கட்டைக் கட்டிவிட்டு, ஏற மாடி இல்லாமல் நிற்கிற கதை வேண்டாம்.

எங்க வீட்டில் மூணு நாள் பேச்சுக்கு அப்புறம் வந்த முடிவு, படிக்கட்டு இப்போது கிடையாது. பாத்ரூமும் தளமும் மட்டும். படிக்கட்டுக்குத் தெருப்பக்கம் ஒரு மூலையில் அஸ்திவாரம் போட்டு, கம்பியை நீட்டி வைத்து விடுகிறோம், பழைய சுவர் மேல் பாரம் ஏறாத மாதிரி தனியாக. மாடி எடுக்கக் காசு சேரும்போது அது எழும்பும். அதுவரைக்கும் தண்ணி டேங்க் பார்க்க ஒரு இரும்பு ஏணி போதும். இதில் அப்பாவுக்கு வருத்தம் உண்டு. இந்த சீசனில் வாடகை வராது என்பது நிஜம், அதை நான் மறுக்கவில்லை. படிக்கட்டுக்கும் மாடிக்கும் ஒதுக்கிய காசில் கொஞ்சம் தங்கைக்கு ஹாஸ்டல் பீஸா மாறியதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். திண்ணையும் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு முழுசா இருக்கும், சாயந்திரம் ஆயா உட்காரும் இடம்.

பிளானை ஏ3 தாளில் அழகா பிரிண்ட் எடுத்துப் போய் ஆயாவிடம் காட்டினேன். இது கதவு, இது வெஸ்டர்ன், இது கைப்பிடி, இங்கே ஷவர் என்று விரல் வைத்துச் சொன்னேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எல்லாம் சரி கண்ணு. வாளி எங்க வைப்பேன்?"

நான் ஷவரைக் காட்டினேன்.

"நின்னுக்கிட்டு குளிக்க முட்டி இருந்தா தோட்டத்துக்கே போயிருப்பேனே. உட்கார ஒரு திட்டு கட்டு. பக்கத்துல வாளி, கைக்கு எட்டுற மாதிரி சொம்பு."

நாலு வருஷப் படிப்பு, விதித்தொகுப்பு, காலண்டர் கணக்கு எல்லாம் இருந்தும், எங்க வீட்டில் யாருமே ஷவரில் குளித்ததில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திட்டு ஒன்றேகால் அடி உயரம், ஒரு அடி அகலம், சுவரோடு சுவரா. வாளிக்கு அதன் பக்கத்தில் ஒரு அடி. திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஏழரை அடி பத்தவில்லை, எட்டரை வேண்டும். கூடத்தில் இன்னும் ஒரு அடி போகும்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல.